புரோத்தன் மௌத்தாகுமா?

கல்லடியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வரும் பொடியன் ஒருவன் என்னை ஒருநாள் மடக்கினான். கருப் பௌதிகம் நடந்துகொண்டிருந்தது. தனியாக விடப்பட்ட நியூத்திரன் கால் மணித்தியால அளவில் சிதைந்துவிடும், புரோத்தன் அப்படியல்ல, அது நிலையானது என்று பலகையில் எழுதினேன். அவன் கையை உயர்த்தினான்.

"சேர், அல்லாஹ்வைத் தவிர மத்ததெல்லாம் அழியும் எண்டுதானே நமக்குச் சொல்லித் தந்திரிக்கி. அப்ப புரோத்தன் மட்டும் மௌத்தாகாதா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். இது பாடவிதானத்தில் இல்லை, சோதினைக்கு வராது, அடுத்த கணக்கைப் பாருங்க என்று சொல்லித் தப்பிவிட்டேன். பாலத்தால் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. அவன் கேட்டது பகிடிக் கேள்வியல்ல. உலகத்தின் மிகப் பெரிய ஆய்வுகூடங்களில் சில அந்த ஒரே கேள்விக்காகக் கட்டப்பட்டவை. நோபல் பரிசு பெற்ற அப்துஸ் ஸலாம் தன் வாழ்நாளின் கணிசமான பகுதியை அதற்குக் கொடுத்தார். நமக்கு அருகே, தமிழ்த் தொழிலாளர்கள் தோண்டிய ஒரு தங்கச் சுரங்கத்தின் அடியில் 140 தொன் இரும்பை அடுக்கி வைத்து அதற்கு விடை தேடினார்கள். இன்றுவரை விடை கிடைக்கவில்லை. அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது ஏன் பெரிய கேள்வி என்று பார்ப்போம்.

1928இல் போல் டிராக் இலத்திரனுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். அதற்குள்ளிருந்து, அவர் தேடாமலே, இன்னொரு துணிக்கை வெளிப்பட்டது. திணிவு அதேதான், ஏற்றம் மட்டும் எதிர். 1932இல் கார்ல் அன்டர்சன் விண்கதிர்த் தடங்களில் அதைக் கண்டார். பொசித்திரன் என்று பெயரிட்டார்கள். இப்படி ஒவ்வொரு துணிக்கைக்கும் ஓர் எதிர்த்துணிக்கை உண்டு. இரண்டும் சந்தித்தால் இரண்டும் இல்லாமற்போய்ச் சக்தி மிஞ்சும். மறுபக்கமாக, ஆய்வுகூடத்தில் சக்தியிலிருந்து சடத்தை உண்டாக்கும்போதெல்லாம் அது சோடி சோடியாகவே பிறக்கிறது. அகிலத்தின் தொடக்கத்திலும் அப்படியே நடந்திருந்தால் எல்லாம் ஒன்றையொன்று தின்று தீர்த்து, வெறும் ஒளி மட்டுமே மிஞ்சியிருக்கும். நட்சத்திரம் இல்லை, மட்டக்களப்பு வாவி இல்லை, இதை எழுதும் கையும் இல்லை.

ஆனால் இருக்கிறோம். வானமெங்கும் பரவிக் கிடக்கும் பழைய நுண்ணலை ஒளியை அளந்து கணக்கிட்டால், இன்றுள்ள ஒவ்வொரு புரோத்தன் அல்லது நியூத்திரனுக்கும் நூறு கோடிக்கு மேற்பட்ட ஒளித்துணிக்கைகள் இருக்கின்றன. அதாவது, ஆதியில் நூறு கோடி எதிர்த்துணிக்கைகளுக்கு நூறு கோடியே ஒன்று என்ற அளவில் சடம் கூடியிருந்தது. மற்றதெல்லாம் அழிந்து ஒளியாயிற்று. அந்தக் கூடுதலான ஒன்றால் ஆனவைதாம் நாமும் நாம் காணும் எல்லாமும். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? அகிலவியலும் துணிக்கைப் பௌதிகமும் சேர்ந்து நின்று விழிக்கும் இடம் இது.

1967இல் ரஷ்யரான அந்திரேய் சகாரோவ், அப்படி ஒரு மிச்சம் வரவேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று காட்டினார். மூன்றையும் இங்கே விளக்கப் போவதில்லை. முதலாவது மட்டும் நமக்குப் போதும். துணிக்கைகளின் கணக்குப் புத்தகத்தில் பேரியன் எண் என்று ஒரு நிரல் உண்டு. புரோத்தனுக்கு 1, நியூத்திரனுக்கு 1, எதிர்ப்புரோத்தனுக்கு −1. எந்தத் தாக்கத்திலும் அதன் கூட்டுத்தொகை மாறியதை இதுவரை எவரும் கண்டதில்லை. மாறியிருந்தால்தான் நாம் இருக்க முடியும் என்கிறார் சகாரோவ். புரோத்தன் நிலையாக இருப்பதும் இந்த நிரலால்தான். பேரியன்களுக்குள் மிக இலேசானது அது. கீழே இறங்கிப் போக அதற்குப் படி இல்லை. கணக்கு மாறலாம் என்றாகிவிட்டால் படி திறந்துவிடும். புரோத்தனும் ஒருநாள் சிதையலாம்.

இந்த இடத்தில்தான் ஸலாம் வருகிறார்.

பஞ்சாபின் ஜங் என்ற சிற்றூரில் வளர்ந்து, லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். மூன்றாம் உலக நாடுகளின் விஞ்ஞானிகள் தனித்துப் போய்விடக் கூடாது என்பதற்காக 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் சர்வதேச ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். 1973இல் ஒடிசாக்காரரான ஜோகேஷ் பதியுடன் சேர்ந்து, பேரியன் எண் உண்மையில் காக்கப்படுகிறதா என்று கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டு இரண்டு வருடம்கூட ஆகாத நேரம் அது. புரோத்தனுக்குள் இருக்கும் குவார்க்குகளுக்கு மூன்று 'நிறங்கள்' என்று பௌதிகவியலாளர் சொல்வார்கள். (கண்ணால் காணும் நிறம் அல்ல, ஒரு வகை ஏற்றம்.) இலத்திரனும் அதன் கூட்டமும் நான்காவது நிறமாக இருக்கக் கூடாதா என்பதே இருவரின் யோசனை. இரண்டு குடும்பம் என்று நினைத்தது ஒரே குடும்பமானால், குவார்க் இலத்திரனின் கூட்டத்துக்குள் போகலாம், புரோத்தன் சிதையும். 1974இல் ஜோர்ஜையும் கிளாஷோவும் வேறொரு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து புரோத்தனின் ஆயுளுக்கு ஓர் எண்ணே கிடைத்தது: ஒன்றுக்குப் பின்னால் 30 அல்லது 31 பூச்சியங்கள் போட்டால் வரும் வருடங்கள். அகிலத்தின் வயது 1,380 கோடி வருடம். அதில் பத்துப் பூச்சியத்துக்குத்தான் வேலை உண்டு.

ஸலாமுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அல்ல, மின்காந்த விசையையும் மென்விசையையும் ஒன்றிணைத்த வேலைக்காக. அன்றைய விருந்தில் பேசும்போது அவர் சூரா அல்முல்க்கின் 3ஆம் 4ஆம் வசனங்களை ஓதினார். படைப்பில் குறை தெரிகிறதா என்று மீண்டும் மீண்டும் பார்க்கச் சொல்லும் வசனங்கள் அவை.

அவருடைய பெயரைக் கண்டதும் நம் வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். அவர் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974இல் பாகிஸ்தான் அப்பிரிவினரை முஸ்லிம் அல்லாதோராகச் சட்டத்தில் எழுதியது. அகீதா பற்றிய அந்த விவகாரம் உலமாக்களுக்கு உரியது, அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் அவருடைய பௌதிகத்தைப் படிக்காமல் விடுவதற்கு அதை ஒரு சாட்டாக எடுக்கிறோம் என்றால், நட்டம் நமக்குத்தான்.

சரி, பூச்சியங்கள் 31 உள்ள ஆயுளை எப்படி அளப்பது? பொடியன்கள் இதில்தான் தடுமாறுவார்கள். ஒரு மனிதனைப் பிடித்து வைத்துக்கொண்டு இவர் எப்போது மௌத்தாவார் என்று யாரும் காத்திருப்பதில்லை. ஊர்ப் பள்ளிவாசல்களின் மையவாடிப் பதிவேட்டை ஒரு வருடம் பார்த்தால், இத்தனை ஆயிரம் பேருக்கு இத்தனை ஜனாஸா என்று தெரிந்துவிடும். புரோத்தனுக்கும் அதே வழிதான். ஒரு வித்தியாசம்: புரோத்தனுக்கு முதுமை கிடையாது. நேற்றுப் பிறந்ததற்கும் ஆதியில் பிறந்ததற்கும் இன்று சிதையும் வாய்ப்பு ஒன்றேதான். ஒரு தொன் சடத்தில் புரோத்தன்களும் நியூத்திரன்களுமாக 6க்குப் பின்னால் 29 பூச்சியங்கள் இருக்கின்றன. ஆயுள் 31 பூச்சியம் என்றால் 140 தொன் இரும்பில் வருடத்துக்கு எட்டு அளவில் சிதைய வேண்டும். எட்டையும் தவறவிடாமல் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மொரிஸ் கோல்ட்ஹேபர் என்பவர் செலவில்லாத பரிசோதனை ஒன்றைச் சுட்டிக்காட்டியிருந்தார். ஆயுள் 16 பூச்சியத்தைவிடக் குறைவாக இருந்தால் நம் உடம்புக்குள்ளேயே செக்கனுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புரோத்தன்கள் சிதைந்து, அந்தக் கதிர்வீச்சாலேயே நாம் செத்திருப்போம். உயிரோடு இருக்கிறோம் என்பதே ஒரு அளவீடு!

எட்டைப் பிடிப்பதில் உள்ள கஷ்டம் கல்லடிக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமது பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? நிலவு நாளில், ஊர் அடங்கிய பின், தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெருகியதாம். மழைக்கு வாவி பெருகினால் கேட்காது என்று மீனவர்கள் அவரிடம் சொன்னார்கள். அப்போது பாலமே இல்லை. 1924இல் லேடி மெனிங் பாலம் வந்தது, 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்தது. இன்று லொறியும் பஸ்ஸும் ஓடும் நேரத்தில் அங்கே நின்று மீன் பாடவில்லை என்று சொன்னால், அது மீனின் பிழையல்ல. இரைச்சல் இல்லாத இடத்துக்குப் போனால்தான் சின்ன ஒலி கேட்கும்.

துணிக்கை உலகத்தில் லொறியும் பஸ்ஸும் என்பது விண்கதிர்தான். வானத்திலிருந்து இறங்கும் மியூவன் துணிக்கைகள் நம் உள்ளங்கையைச் செக்கனுக்கு ஒன்றிரண்டு வீதம் துளைத்துப் போகின்றன. வருடத்துக்கு எட்டு சமிக்ஞையைத் தேடுபவனுக்கு அது தாங்காது. ஆகவே நிலத்துக்கடியில் போனார்கள்.

கோலார் தங்கவயல் பெங்களூருக்குக் கிழக்கே நூறு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. 1880களில் பிரித்தானியக் கம்பனி அங்கே நவீன முறையில் தோண்டத் தொடங்கியது. நமது மலையகத்துக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கொண்டிருந்த அதே காலத்தில், வட ஆற்காடு போன்ற இடங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கோலாருக்குப் போயின. சம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கும் கீழே இறங்கியது. அடிமட்டத்தில் பாறையின் சூடு 60 பாகையைத் தாண்டும், பாறை வெடித்துச் சிதறிச் செத்தவர்கள் உண்டு. பௌதிக நூல்களில் கோலாரைப் பற்றி வரும் பக்கங்களில் இந்த மனிதர்கள் வருவதில்லை. ஆய்வாளர்கள் இறங்கிய ஒவ்வொரு அடியும் அவர்கள் வெட்டியதுதான்.

1965இல், 2.3 கிலோமீற்றர் ஆழத்தில், மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் மேனன், நரசிம்மம், ஸ்ரீகண்டன் ஆகியோரும் யப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூத்திரினோவை முதன்முதலாகப் பதிந்தார்கள். தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலிருந்த அமெரிக்கக் குழுவின் கட்டுரை வெளிவந்தது அதற்குச் சில நாட்கள் பிந்தித்தான். 1980இன் கடைசியில் அதே ஆழத்தில் 140 தொன் கருவி ஓடத் தொடங்கியது. புரோத்தன் சிதைவைத் தேடுவதற்கென்றே உலகில் வைக்கப்பட்ட முதல் பெரிய கருவிகளில் அது ஒன்று. சில தடங்கள் விழுந்தன. இவை புரோத்தன் சிதைவாக இருக்கக்கூடும் என்று 1980களின் தொடக்கத்தில் அறிவித்தார்கள்.

அது நிலைக்கவில்லை. அமெரிக்காவின் ஒஹையோவில் உப்புச் சுரங்கம் ஒன்றுக்குள் 8,000 தொன் தண்ணீர்த் தொட்டி 1982இல் வேலையைத் தொடங்கியது. கோலாரின் எண் சரியென்றால் அதில் சிதைவுகள் மளமளவென்று விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் விழவில்லை. ஜோர்ஜையும் கிளாஷோவும் சொன்ன திட்டத்தின் எளிய வடிவமும் அதோடு அடிபட்டுப்போனது. கோலார்க்காரர் ஏமாற்றினார்கள் என்று இதற்கு அர்த்தமல்ல. எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் ஓர் இரைச்சல் கூடவே வரும். பாறையையும் பூமியையும் ஊடுருவும் நியூத்திரினோதான் அது. 1965இல் அவர்களே கண்டுபிடித்தது. இரும்பில் அது மோதி உண்டாக்கும் தடத்தைச் சிதைவிலிருந்து பிரித்தறிய 140 தொன் கருவி போதவில்லை.

யப்பானின் கமியோக்கா சுரங்கத்திலும் 1983இல் ஒரு தொட்டி தொடங்கியது. புரோத்தன் சிதைவு அதிலும் கிடைக்கவில்லை. ஆனால் 1987 பெப்ரவரி 23 அன்று பக்கத்து விண்மீன்கூட்டம் ஒன்றில் வெடித்த நட்சத்திரத்தின் நியூத்திரினோக்கள் பதினொன்று அதில் விழுந்தன; ஒஹையோவில் எட்டு. பிறகு 1996இல் 50,000 தொன் தண்ணீருடன் சூப்பர் கமியோக்காண்டே வந்தது. இரைச்சல் என்று ஒதுக்கிய வளிமண்டல நியூத்திரினோவையே கவனித்துப் பார்த்து, அவை போகும் வழியில் வகை மாறுகின்றன, ஆகவே அவற்றுக்குத் திணிவு உண்டு என்று 1998இல் அறிவித்தார்கள். இந்த இரண்டு வேலைகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது; கொஷிபாவுக்கு 2002இல், கஜித்தாவுக்கு 2015இல். தேடிப் போன பொருள் மட்டும் இன்னும் அகப்படவில்லை. புரோத்தன் பொசித்திரனாகவும் பையோனாகவும் சிதைவதென்றால் அதற்கு ஆகும் காலம் 24க்குப் பின்னால் 33 பூச்சியம் போட்ட வருடங்களைவிடக் கூடியது என்பதே சூப்பர் கமியோக்காண்டேயின் முடிவு. ஸலாமும் பதியும் பிழை என்று இதிலிருந்து சொல்ல முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது. ஆயுள் இன்னும் நீளமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

கூடுதலான அந்த 'ஒன்றுக்கு' வேறு வழியாகவும் விளக்கம் தேடுகிறார்கள். சடமும் எதிர்ச்சடமும் நடந்துகொள்ளும் விதத்தில் சிறு வேறுபாடு உண்டென்று 1964இல் தெரிந்தது. புரோத்தனின் இனமான பேரியன்களிலும் அது உண்டென்று ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடம் 2025இல்தான் காட்டியது. ஆனால் இப்போதுள்ள கொள்கை தரும் வேறுபாடு, நம்மை உண்டாக்கப் போதுமானதல்ல. நியூத்திரினோதான் வழியோ என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்காகவே தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரத்தில், மலைக்குள் 50,000 தொன் காந்தமாக்கிய இரும்பை வைத்து நியூத்திரினோ ஆய்வகம் அமைக்க இந்திய அரசு 2015இல் அனுமதி கொடுத்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் வந்தன, 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்றது. மலையும் தண்ணீரும் அவர்களுடையது, பயப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நியூத்திரினோ கதிர்வீச்சைப் பரப்பும் என்று சொல்லப்பட்டது சரியல்ல. இதை வாசிக்கும் உங்களை இந்தச் செக்கனிலும் கோடானகோடி நியூத்திரினோ கடந்து போகிறது. இந்த இழுபறிக்கிடையில், நியூத்திரினோத் திணிவுகளின் வரிசையை அறிவதற்கென்று சீனா கட்டிய ஆய்வகம் 2025 ஓகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது.

இனி அந்தப் பொடியனின் கேள்வியில் இருந்த மற்றப் பாதிக்கு வருகிறேன். எல்லாம் அழியும் என்ற நம்பிக்கையிலிருந்துதான் அவன் கேட்டான். நாளைக்குப் புரோத்தன் சிதைந்தால், பார்த்தீங்களா, நம்ம கிதாபில் முன்னமே இருக்கு என்று எழுத ஆட்கள் தயாராக இருப்பார்கள். சிதையாவிட்டால்? அப்போது ஈமானுக்குப் பங்கம் வந்துவிடுமா?

1976இல் மொரிஸ் புகாயின் நூல் வந்த பிறகு இந்தப் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. சூரா அத்தாரியாத்தின் 47ஆம் வசனத்தில் வானத்தைப் பற்றி வரும் ஒரு சொல்லை, அகிலம் விரிகிறது என்று பொருள் கொண்டு குத்பாவிலும் கேட்கிறோம். தபரீ போன்ற பழைய தப்ஸீர் ஆசிரியர்கள் அதே சொல்லை அல்லாஹ்வின் ஆற்றலோடும் வசதியோடும் சேர்த்து விளங்கினார்கள். சொல்லுக்கு இரண்டுக்கும் இடமிருக்கலாம். அரபு இலக்கணம் அறிந்தவர்கள் பேசட்டும். என் பயம் வேறு. 1948இலிருந்து 1965 வரை, தொடக்கமே இல்லாத நிலையான அகிலம் என்ற கொள்கையும் மதிப்போடு இருந்தது. அக்காலத்தில் ஒருவர் அதோடு ஒரு வசனத்தைக் கட்டியிருந்தால், பழைய ஒளி கண்டுபிடிக்கப்பட்ட அன்று அவர் எங்கே போய் நின்றிருப்பார்? இன்றும் அதே நிலைதான். அகிலத்தின் 5 வீதம் நாம் அறிந்த சடம், 27 வீதம் ஈர்ப்பால் மட்டும் தெரியும் இருட்சடம், 68 வீதம் விரிவை வேகப்படுத்தும் இருட்சக்தி என்கிறோம். அந்த இருட்சக்தியே காலத்தோடு வலுக் குறைகிறதோ என்ற சாடையை 2024, 2025ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள தொலைநோக்கியின் அளவீடுகள் தந்திருக்கின்றன. விரிவின் வேகத்தை ஆதி ஒளியிலிருந்து கணித்தால் 67, பக்கத்து விண்மீன்கூட்டங்களை அளந்தால் 73. இரண்டில் எது என்று சண்டை ஓயவில்லை. இப்படி ஆடிக்கொண்டிருக்கும் தறியில் போய் வசனத்தைக் கட்டலாமா?

நம் முன்னோர் செய்தது வேறு. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைஸம், 11ஆம் நூற்றாண்டில் தொலமியின் வானியலை எடுத்து, எங்கெங்கே அது பொருந்தவில்லை என்பதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ் என்று பெயர், தொலமி மீதான ஐயங்கள். விடைகள் அவரிடம் இல்லை. கேள்விகளைச் சுத்தமாக எழுதிவைத்தார். 13ஆம் நூற்றாண்டில் மராகாவில் நஸீருத்தீன் தூஸி ஒரு பகுதியை அவிழ்த்தார். 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாக இருந்த இப்னு அஷ்ஷாதிர் இன்னொரு பகுதியை அவிழ்த்தார். சந்திரனுக்கு அவர் கொடுத்த கணித அமைப்புத்தான் இருநூறு வருடத்துக்குள் கொப்பர்னிக்கஸின் நூலிலும் வருகிறது. கேள்வியை எழுதியவரும் அவிழ்த்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. தெரியாது என்று எழுதியதால் இவர்களில் எவருடைய தொழுகையும் பாழாகவில்லை.

கோலாரில் ஆய்வுகள் 1990களின் தொடக்கத்தில் நின்றன. 2001இல் சுரங்கமே மூடப்பட்டது. யப்பானில் 2,60,000 தொன் தண்ணீர் கொள்ளும் ஹைப்பர் கமியோக்காண்டேயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் சில வருடத்தில் தொடங்கும்.

அதற்கிடையில் நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பொடியனுக்கு அன்று கொடுத்திருக்க வேண்டிய கணக்கு. மட்டக்களப்பு வாவியின் பரப்பை 140 சதுர கிலோமீற்றர் என்றும், சராசரி ஆழத்தை ஒன்றரை மீற்றர் என்றும் வைத்தேன். 21 கோடி தொன் தண்ணீர் வருகிறது. ஒரு தொன் தண்ணீரில் 33க்குப் பின்னால் 28 பூச்சியம் போட்ட அளவு புரோத்தன்கள். பெருக்கி, சூப்பர் கமியோக்காண்டே தந்த ஆயுளால் பிரித்தால் வருடத்துக்கு 2,900 அளவு, நாளைக்கு எட்டு. பொசித்திரனாகச் சிதையும் வழியில், நமது வாவி முழுவதிலும் ஒரு நாளில் மௌத்தாகும் புரோத்தன்கள் எட்டுக்கு மேல் இருக்க முடியாது. அந்த எட்டையும் எவரும் காண முடியாது. வெயில், சேறு, மியூவன், பாலத்தில் ஓடும் பஸ் எல்லாம் சேர்ந்து மறைத்துவிடும். எட்டு என்பது உச்ச வரம்பு. உண்மையில் பூச்சியமாகவும் இருக்கலாம்.